மஞ்சள் பனியன்

நார்த்தாமலைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கிறது. குளத்தூரிலிருந்து ஓடி வருகிறேன். பந்தயத்தில் எனக்கு முன்னால் இரண்டே பேர். மூன்றாவது பரிசு எவர்சில்வர் கூஜா. பின்னால் வருகிறவனின் மூச்சுச் சத்தம் நெருங்குகிறது. பங்குனி வெயில் தார் ரோட்டை இளக்குகிறது. கான்வாஸ் ஷூ வழியிலேயே பிய்ந்துவிட்டதால் வெறுங்கால்.

சாலையோர வீட்டிலிருந்து ஓர் அம்மா குடத்தோடு வந்து மறிக்கிறார். நார்த்தாமலை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இங்கே காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். பந்தயக் கமிட்டி கொடுத்த மஞ்சள் பனியனையும் என் வெறுங்காலையும் பார்த்து அவர் முடிவு செய்துவிட்டார். நான் விலகுவதற்குள் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் காலில் விழுகிறது. குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

“என்ன வேண்டுதலுங்க தம்பி, இப்புடி ஓடியாறீங்க?”

“வேண்டுதல் இல்லைங்க. ஓட்டப் பந்தயம்.”

பின்னால் வந்தவன் எங்களைத் தாண்டிப் போகிறான்.

“பந்தயமா? அப்ப ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க, ஓடுங்க,” என்கிறார். ஆனாலும் குடத்தில் மிச்சமிருந்ததையும் ஊற்றி முடித்த பிறகுதான் வழிவிடுகிறார்.

கூஜா போய்விட்டது. கால் குளிர்ந்திருக்கிறது. அடுத்த வீட்டு வாசலிலும் ஒருவர் குடத்தோடு நிற்கிறார். இந்த முறை நானே அவர் பக்கமாக ஒதுங்கி ஓடுகிறேன்.