வெள்ளிக்கிழமை அம்புகள்

பவளம் சிவகுருநாதன் வில்லைக் கையில் எடுத்ததில்லை. எடுத்துப் பாருங்கள் என்றால் தோள் நோகிறது என்பார். தோளில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கெல்சென்கிர்ச்சன் நகரத்து வில்வித்தைச் சங்கம் ஒன்றில், அம்பு என்று வந்தால் அவர் சொன்னதுதான் சட்டம். இருபத்துமூன்று ஜெர்மானியர்கள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். வீட்டில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு குடிமகன், கணவர் சிவகுருநாதன். அவர் கட்டுப்படுவதில்லை.

பவளம் ஜெர்மனிக்கு வந்தது எண்பத்தெட்டில். முதல் ஒன்பது வருடங்கள் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அப்போது அவர் கையில் ஏழு கட்டடங்களின் சாவிகள் இருந்தன; ஒரு சின்ன வங்கியின் சாவியும் அதில் அடக்கம். இவ்வளவு சாவி வைத்திருந்த ஒருவரிடம் அந்த ஏழு கட்டடங்களிலும் யாரும் எதையும் கேட்டதில்லை. எல்லாரும் போன பிறகு திறக்க வேண்டிய சாவிகள் அவை.

பிறகு ரயில் நிலையத்துக்கு அருகே சப்பாத்துத் திருத்தும் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி ஹெர் கச்மரெக். அவருடைய பூட்டன் போலந்திலிருந்து நிலக்கரி வெட்ட வந்தவர். அதனாலோ என்னவோ, தன் பெயரை யாராவது சரியாகச் சொல்ல முயன்றாலே அவருக்குப் பாதி திருப்தி. மீதியைப் பவளம் வேலையால் கொடுத்தார். தோலுக்கு எது, ரப்பருக்கு எது, மழையில் நடப்பவருக்கு எது, காருக்குள்ளேயே இருப்பவருக்கு எது என்று ஏழு வருடத்தில் பசைகளின் குணம் அவருக்கு அத்துப்படியாயிற்று. கச்மரெக் வாடிக்கையாளர்களிடம், "இதை ஃப்ராவ் சிவாவிடம் கேளுங்கள்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். முழுப் பெயரை அவர் முயன்று பார்த்ததும் உண்டு.

இரண்டாயிரத்து நான்கு இலையுதிர் காலத்தில் ஒரு மதிய இடைவேளை. கச்மரெக் வேலை மேசையில் சப்பாத்துக்குப் பதிலாக ஓர் அம்பை வைத்துக்கொண்டு வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கில் குத்திய அம்பைப் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வருகிறது, முனை உள்ளேயே இருந்துவிடுகிறது. அவர் வில் பழகும் சங்கத்துக்குச் சொந்தமான அம்புகளில் பாதி இப்படித்தான். பவளம் வாங்கிப் பார்த்தார். கார்பன் எனப்படும் கரிநாரால் ஆன மெல்லிய கறுப்புக் குழாய். முனை இருந்த இடத்தில் கண்ணாடித் தூள்போல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இதை யார் ஒட்டியது?"

"வெபர். முப்பது வருடமாக ஒட்டுகிறார்."

"முப்பது வருடமாகப் பிழையாக ஒட்டுகிறார்" என்றார் பவளம்.

அவசரப் பசை, அதாவது ஒரு சொட்டு விட்டதும் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் அந்த ரகம், காய்ந்தால் கண்ணாடிக் குணம். இழுவையைத் தாங்கும், அடியைத் தாங்காது. முனை வாங்குவதெல்லாம் அடிதான். அங்கே வேண்டியது, தபால் பொதிகளுக்கு முத்திரை வைக்கும் அரக்குப்போல் சூட்டில் உருகி, ஆறியதும் இறுகும் குச்சிப் பசை. அடியை வாங்கிக்கொள்ளும், முனையை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி சூடு காட்டிக் கழற்றலாம். தண்டைச் சுடாமல் முனையை மட்டும் சுட வேண்டும். பவளம் அன்று அதைச் செய்தே காட்டினார். கச்மரெக் அந்த அம்பை அடுத்த வாரம் இருநூறு தடவை எய்தார். முனை அசையவில்லை.

சங்கத்தில் அப்போது ஒரு நாற்காலி காலியாகவிருந்தது. கருவிகள் வைக்கும் அலமாரிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் வேறு ஊருக்குப் போகிறார். சம்பளமில்லாத பதவி. ஆனால் ஜெர்மனியில் சம்பளமில்லாத பதவிக்குத்தான் வாக்கெடுப்பு, கூட்டக் குறிப்பு, கையொப்பம் எல்லாம். மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் தேர்தல். கச்மரெக் பவளத்தின் பெயரைச் சொன்னார். வெபர் தன் பெயரைத் தானே சொன்னார்.

"சப்பாத்தும் அம்பும் ஒன்றா?" என்றார் வெபர். ஓய்வு பெற்ற மின்தொழிலாளி, நேர்மையான மனிதர், தோற்பதற்கு மட்டும் பழகாதவர். சங்கம் ஜெர்மானிய முறையில் முடிவு செய்தது. நாற்பது அம்புகள், ஒற்றை எண்கள் பவளத்துக்கு, இரட்டை எண்கள் வெபருக்கு. முனையையும் பின்னால் உள்ள மூன்று இறகுகளையும் அவரவரே ஒட்ட வேண்டும். எது எப்போது கழன்றது என்று பதிந்து வைக்கப்படும். கூட்டத்தன்று கணக்கு வாசிக்கப்படும்.

பவளம் வீட்டுக்கு வந்து சொன்னபோது சிவகுருநாதன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னப்பா, கூத்துக்கு ஆள் எடுக்கினமோ? வில்லும் அம்பும் எண்டு வெளிக்கிடுறீர்?"

"வில் அவையள் பிடிக்கட்டும். ஒட்டுறது நான்."

"ஒட்டினா என்ன தருவினம்?"

"அலுமாரித் திறப்பு." சாவிக்கு வீட்டில் அதுதான் பெயர்.

"உம்மட்டைத் திறப்பு இல்லாத காலம் எப்ப இருந்தது?"

"அது கூட்டுறதுக்குத் தந்த திறப்பு. இது என்னட்டைக் கேட்டுத் துறக்கிற திறப்பு. விளங்குதோ?"

அவருக்கு விளங்கியது. அதனால்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

திங்களும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்குப் பவளம் சங்கத்தின் நிலவறைக்குப் போனார். அங்கே ஒரு சங்கடம். கடையில் அவரும் கச்மரெக்கும் ஒருவருக்கொருவர் மரியாதையாக 'சீ', அதாவது நீங்கள். சங்கத்துக்குள் காலை வைத்ததும் எல்லாரும் 'டு'. படிக்கட்டு இறங்கும் நேரத்தில் முதலாளியை நீ என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. முன்னிலையே இல்லாமல் ஒரு ஜெர்மன் மொழியை அவர் உண்டாக்கிக்கொண்டார். "அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தால் நல்லது" என்கிற பாணி. ஒருவரும் கவனிக்கவில்லை. கட்டளைபோல் ஒலித்ததால் எல்லாரும் கேட்டு நடந்தார்கள்.

முனைகளில் பவளத்துக்கு எதிரியே இல்லை. தைப்பொங்கல் வரை அவருடையதில் ஒன்றும் கழலவில்லை, வெபருடையதில் ஏழு போயின. ஆனால் இறகுகள்? அங்கேதான் வினை. பிளாஸ்டிக்கால் ஆன சிறிய இறகு. அடிப்பக்கம் நூல் அளவு அகலம். பவளத்தின் அம்புகளிலிருந்து அவை வாழைப்பூ மடல்போல் உதிர்ந்தன. முதலில் தன் சப்பாத்துப் பசையைப் போட்டார். இரு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு அழுத்துவது. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வாழும் நாட்டில் பசைக்குப் பத்து நிமிடம் கொடுப்பவர் அங்கே அவர் ஒருவர்தான். இறகு விழுந்தது. இறகுக்கென்றே விற்கும் பசையை வாங்கினார். விழுந்தது. கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, வெபரின் அவசரப் பசையையே எடுத்தார். இறகு அடி வாங்குவதில்லை, அதற்கு அது சரியான பசைதான் என்று அவருக்கே தெரியும். அதுவும் விழுந்தது. எல்லாம் விழவில்லை, சில அசையவேயில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜனவரிக் கடைசியில் பதிவுத்தாளில் பவளத்துக்குப் பதினாறு இறகு இழப்பு, வெபருக்கு ஆறு. வெபர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். கச்மரெக் மட்டும் கடையில் மெல்லக் கேட்டார்: "பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?"

"ஏன்? இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது" என்றார் பவளம்.

அன்று அம்புகளின் சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒட்டிய ஒவ்வொரு அம்பிலும் எண்ணும் நாளும் எழுதிய சிறு காகிதத்தை ரப்பரால் கட்டி, ஒரு நாள் ஆற வைப்பது அவர் வழக்கம். சமையலறை மேசையில் விழுந்தது ஒரு பக்கம், நின்றது ஒரு பக்கம் என்று அடுக்கினார். தேநீருக்கு வந்த சிவகுருநாதன் விழுந்த பக்கத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னப்பா இது, வடை சுத்தின பேப்பர் மாதிரிக் கிடக்குது?"

"வையுங்கோ அதை. ஒழுங்கைக் குழப்பாதேங்கோ."

"இல்லை, பாருமன். அங்காலை வெளிச்சம் தெரியுது. உம்மட பெருவிரல்தான்."

பவளம் பறித்துப் பார்த்தார். ஆம், பெருவிரல். காகிதத்தில் எண்ணெய் ஊறி, ரேகையோடு வெளிச்சம் விட்டது. அடுத்த சீட்டு. அதிலும். நின்ற பக்கத்தில் எடுத்தார். காகிதம் காகிதமாகவே இருந்தது. பிறகுதான் நாட்களைப் பார்த்தார். நின்றவை எல்லாம் திங்கள். விழுந்தவை எல்லாம் வெள்ளி.

வெள்ளிக்கிழமை அவருக்கு அரைநாள் வேலை. மதியம் வந்து தலைக்குத் தோய்ந்து, தலைமுடியைக் காய விட்டு, தேங்காயெண்ணெய் தடவி, விளக்கு வைத்துவிட்டுத்தான் சங்கத்துக்குப் போவார். மற்ற நாட்களில் இறுகக் கட்டிய கொண்டை. வெள்ளியில் நுனி முடிந்த கூந்தல். அது குனியும்போதெல்லாம் முன்னால் விழும், அவர் விரலால் ஒதுக்குவார். அம்பை முறைப்படி ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். துடைத்தது சுத்தமாகிவிட்டதா என்று பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். சுத்தத்தைச் சோதித்துச் சோதித்தே அசுத்தமாக்கியிருக்கிறார்.

கடையில் இந்தப் பழக்கம் ஏழு வருடம் ஒரு தீங்கும் செய்யவில்லை. சப்பாத்தின் அடியை முதலில் இயந்திரத்தில் உராய்வார்கள். எந்த எண்ணெயும் தூசியோடு போய்விடும். கரிநார்த் தண்டை உராய ஏலாது, நார் கிழியும். மூன்று பசைகளைக் குற்றஞ்சாட்டியாயிற்று. மூன்றும் நிரபராதிகள்.

"சிரிக்காதேங்கோ" என்றார் பவளம்.

"நான் எங்க சிரிச்சனான்? என்ர கண்ணாலைதான் பிடிபட்டது எண்டு அவையளுக்குச் சொல்லும்."

அடுத்த வெள்ளியிலிருந்து முடியைக் கட்டினார், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், துடைத்த இடத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்கை மட்டும் விடவில்லை. அது பசைக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்பது அவர் கட்சி. பெப்ரவரி முழுவதும் ஓர் இறகும் விழவில்லை.

ஆனாலும் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது மொத்த இழப்பு பவளத்துக்குப் பதினாறு, வெபருக்கு இறகும் முனையுமாகப் பதினெட்டு. இரண்டு வித்தியாசத்தில் வெற்றி. பேசாமல் இருந்திருந்தால் சாவி கைக்கு வந்திருக்கும். பவளம் எழுந்து நின்றார். தேங்காயெண்ணெய், கூந்தல், பெருவிரல், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் முன்னிலையில்லாத தன் ஜெர்மனில் சொன்னார். வடைக் காகிதத்தையும் சொன்னார். அது யார் கண்ணில் பட்டது என்பதை விட்டுவிட்டார். "பதினாறும் என் பிழை, பசையின் பிழை அல்ல. வெபரின் முனைகள் கழன்றது பசையின் பிழை. பிழை எங்கே என்று தெரிந்தவரிடம் அலமாரி இருக்க வேண்டும்" என்று முடித்தார்.

கூட்டக் குறிப்பு எழுதுபவர் தேங்காயெண்ணெயையும் எழுதவேண்டுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பிறகு பின்வரிசையில் யாரோ, "வெபர், நீ ஒட்டும்போது என்ன சாப்பிடுவாய்?" என்று கேட்டார். அவர் உருளைக்கிழங்குப் பொரியலும் மயோனைசும் இல்லாமல் நிலவறைக்கு இறங்கியதில்லை என்பது ஊரறிந்தது. வெபர் தன் விரல்களைப் பார்த்தார்.

வாக்கெடுப்பில் இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. வெபர் ஆதரித்தும் தூக்கவில்லை, எதிர்த்தும் தூக்கவில்லை. அவர் இன்னும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டக் குறிப்பில் 'ஒருவர் நடுநிலை' என்று பதிவாயிற்று. கடைக்கு வெளியே முதல் தடவையாகக் கச்மரெக் முழுப் பெயரையும் சொன்னார், சிவகுருநாதன் என்று, ஏறக்குறைய சரியாக.

அலமாரியின் கதவில் இப்போது ஓர் அறிவித்தல் இருக்கிறது. பதினேழு வருடமாகப் பவளம் இந்த நாட்டில் மற்றவர்கள் ஒட்டிய அறிவித்தல்களை வாசித்து நடந்தவர். அவரே எழுதி ஒட்டிய முதல் அறிவித்தல் இதுதான். "கை கழுவாமல் அம்பைத் தொடக்கூடாது. துடைத்த இடத்தைத் தடவிப் பார்க்கக்கூடாது. பொரியல் எண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டுக்கும் தடை. பொறுப்பாளர்: பி. சிவகுருநாதன்." சங்கத்தில் பவளத்தைத் தவிரத் தேங்காயெண்ணெய் வைக்கும் ஆள் இல்லை, பாதிப்பேருக்குத் தலையில் முடியே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வழுக்கைத் தலை வெபர் அலமாரிக்கு முன்னால் நின்று அந்த நான்கு வரியையும் ஒழுங்காக வாசித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாவி கேட்கிறார்.

பவளம் கையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.