துண்டின் கீழ் ஒரு சிவப்பு விளக்கு

1. வெள்ளிக்கிழமை: ஏ சைடு முடிந்தது

மேடையில் பாடகர் வாயைத் திறந்து, ஒரு கையை வானத்துக்கு நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குரல் மட்டும் வரவில்லை. அதற்குச் சற்று முன் ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேசட்டில் ஏ சைடு முடிந்தால் வரும் சத்தம். ஹாலில் இருந்த அத்தனை பேர் வீட்டிலும் கேசட் பிளேயர் இருந்ததால், யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹாலின் கடைசியில் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எல்லாத் தலைகளும் மேடையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பின.

"சவுண்டுக்காரன்தான் லா டேப்பு போட்டு ஏமாத்துறான்" என்றார் எனக்கு முன்வரிசையில் ஒருவர். அவர் கையில் பாதி தின்ற கரிபாப் இருந்தது. அது என் சட்டையில் வந்து விழுந்ததால் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் நடந்த மியூசிக் ஃபேர் அது. மூன்று நாள். பகலில் ஸ்டால்கள், மத்தியானம் கலைஞர் சந்திப்பு, சாயங்காலம் மேடையில் பாட்டு. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாத்தியக் கடையில் சேல்ஸ்மேன். எங்களுக்கு ஸ்டால் கொடுத்ததற்குப் பதிலாக மேடைக்கு மிக்சர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் எங்கள் கடை கொடுக்க வேண்டும். மிக்சர் பார்க்கும் ஆள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டார். விற்கத் தெரிந்தவனுக்கு ஓட்டவும் தெரியும் என்று முதலாளி முடிவு செய்தார். எனக்கு விற்கவே சரியாகத் தெரியாது என்பதை அதுவரை அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன்.

முதலாளி பொன்னம்பலம் ரயில்வேயில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்து பென்ஷன் வாங்கியவர். யாழ்ப்பாணக் குடும்பம். உலகமே டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறது என்பது அவருடைய முடிவு. ஸ்டாலில் கித்தாரைத் தொட்டுப் பார்க்க வருகிறவரிடம் முதலில் ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். புல்லாங்குழல்களை மேசைக் காலோடு நூல் போட்டுக் கட்டியிருந்தார். வாசித்துப் பார்க்க விரும்பியவர்கள் குனிந்து வாசித்தார்கள். முதல் நாள் எதுவும் விற்கவில்லை. ஆனால் எதுவும் காணாமலும் போகவில்லை என்று அவர் திருப்தியாக இருந்தார், ஏ சைடு முடியும் வரைக்கும்.

"என்ன காணும், நித்திரையோ? அந்த வயர் எங்கேயிருந்து வருது எண்டு பாக்கேல்லையோ?"

"கீபோர்டு லைன்னு சொன்னாங்க சார்."

"சொன்னா? ஒருத்தன் டிக்கெட் இருக்கு எண்டு சொன்னா நான் விட்டிடுவனோ?"

உண்மையில் நான் கேட்கவே இல்லை. மெட்ராஸிலிருந்து விருந்தினராக வந்திருந்த அந்தப் பாடகரோடு அன்று மத்தியானம்தான் வரிசையில் நின்று, தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய உதவியாளர் ஒரு வயரை நீட்டினால் சொருகுவதுதானே மரியாதை.

2. சனிக்கிழமை காலை: சாட்சியங்கள்

மறுநாள் காலை முழு ஃபேருக்கும் சந்தேகக் காய்ச்சல். கேசட் ஸ்டால்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் திருட்டு கேசட் புகார் சொன்னார்கள். பாட்டை ரெக்கார்ட் செய்து பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்றுவிடுவார்கள் என்று, ஹாலுக்குள் ரெக்கார்டர் எதுவும் வரக்கூடாதென ஏற்பாட்டாளர்கள் தடை போட்டார்கள். வாசலில் அக்காமார்களின் கைப்பையெல்லாம் திறக்கப்பட்டது. ஒரு கைப்பையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் அகப்பட்டு, அதுவும் பிரித்துப் பார்க்கப்பட்டது.

அன்று சாயங்காலம் கிளாங்கிலிருந்து ஓர் இசைக்குழு. ஆர்கன் வாசிப்பவர் சேவியர் அண்ணன், குழுவின் தலைவர். பாடப்போவது தனலட்சுமி. காப்பார் என்ற சின்ன ஊர்ப் பெண், சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக சவுண்ட் செக்குக்கு வந்துவிட்டாள்.

மைக்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நாலு வரி பாடினாள். நான் மிக்சரைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். நான் தொடாமல் ஒன்று நன்றாக வருகிறதென்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும்.

"தண்ணி வேணுமாம்மா?"

"வேணாம்ணே."

"நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்திருக்க. தொண்டை காயாதா?"

"ஃபேக்டரில எட்டு மணி நேரம் பேசக்கூடாது. தொண்டை ஃப்ரெஷ்ஷா இருக்குண்ணே. கால்தான் வலிக்குது."

என் நோட்டில் எழுதினேன்: ஒன்று, தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு, மைக் வாய்க்கு அருகில் இல்லை. மூன்றாவதை எழுதி அடிக்கோடு போட்டேன். சேவியர் அண்ணன் மேடையிலேயே தனியாக ஒரு சின்ன மிக்சர் வைத்திருந்தார். அங்கிருந்து குரல், வாத்தியம் எல்லாம் கலந்து எனக்கு ஒரே ஒரு லைன்தான் வந்தது. அவருடைய ஆர்கனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு பூப்போட்ட துண்டு. துண்டின் கீழ் சதுரமாக ஏதோ ஒன்று.

அது என்னவென்று எனக்கு அன்று தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அது கேசட் டெக். அதில் எதுவும் பாடப்போவதில்லை. தனலட்சுமி பாடுவதை அது ரெக்கார்ட் செய்யப்போகிறது. தடை இருந்ததால் துண்டு.

அதற்கும் காரணம் ஒரு சந்தேகம்தான். மஸ்ஜித் இந்தியா தெருவில் கேசட் கடை வைத்து, சொந்தமாகவும் கேசட் வெளியிட்டுக்கொண்டிருந்த ஹாஜியார் ஒருவர் இருந்தார். அவர் யாரையும் நேரில் பாடவைத்துக் கேட்கமாட்டார். முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துபோகும் என்பார். ஸ்டூடியோ டேப்பையும் நம்பமாட்டார், அதில் ஒட்டுப்போடலாமாம். "கூட்டத்துக்கு முன்னால, மெதுவான பாட்டு ஒண்ணு. சனங்க சத்தத்தோட டேப் பண்ணிக் கொண்டா. ஞாயித்துக்கிழமை காலையில கேக்குறேன்" என்று தனலட்சுமியிடம் சொல்லியிருந்தார். மூன்று வருடமாகக் கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு கேசட் வருமா வராதா என்பது அந்தத் துண்டின் கீழ் இருந்தது. சனங்களின் சத்தத்துக்காக மேடை ஓரத்தில் ஒரு தனி மைக் வேறு, டெக்குக்குப் பக்கத்திலேயே.

3. சனிக்கிழமை சாயங்காலம்: நாலு காலில் நான்

பொன்னம்பலம் சார் ஒரு பைனாகுலரோடு வந்தார். பறவை பார்ப்பதற்கென்று வீட்டில் சொல்லி வைத்திருந்தது. சனிக்கிழமைகளில் அவர் பார்த்த பறவைகளுக்கு நாலு காலும் ஒரு ஜாக்கியும் உண்டு என்று கடையில் எல்லாருக்கும் தெரியும்.

"வாயை மட்டும் பாரும். சொல்லும் வாயும் பொருந்துதோ எண்டு பாரும். இண்டைக்கும் டேப் எண்டா எங்கட ஸ்பீக்கரை ஒருத்தனும் வாங்க மாட்டான்."

முதல் பாட்டு மெதுவான பாட்டு. வாத்தியமே இல்லாமல் ஆரம்பித்தாள். ஹால் அப்படியே அடங்கிவிட்டது. நான் பைனாகுலரில் வாயைப் பார்த்தேன். 'ம'வுக்கு உதடு மூடுகிறதா, 'ஓ'வுக்குக் குவிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. நன்றாகப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தேன். கைதட்டல் பயங்கரமாக இருந்தது. பலே கள்ளி என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேப்பு! டேப்பு!" சிலர் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"போம்," என்றார் பொன்னம்பலம் சார். "துண்டைத் தூக்கிப் பாரும்."

போனேன். மேடையின் பின்பக்கமாக ஏறி, டிரம்ஸுக்குப் பின்னால் நாலு காலில் தவழ்ந்தேன். டிரம்மர் என்னைப் பார்த்துவிட்டு, ஏதோ நாய் என்று நினைத்து, வாசிப்பை நிறுத்தாமல் காலால் விரட்டினார். ஸ்டூலை அடைந்து துண்டைத் தூக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக ஒரு பட்டனை நான் அழுத்தியதில்லை. ஸ்டாப்.

அழுத்திவிட்டு ஹாலைப் பார்த்தேன், நேற்றுபோல எல்லா முகமும் மாறும் என்று. ஒன்றும் மாறவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனலட்சுமி பாடிக்கொண்டிருந்தாள். சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு பட்டனை அழுத்தினேன். அது ரீவைண்ட். 'கிர்ர்' என்று டேப் ஆரம்பத்துக்கே ஓடியது. அப்போதும் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

சேவியர் அண்ணன் கை வாசித்துக்கொண்டே இருக்க, வாய் மட்டும் என் பக்கம் திரும்பியது. "டேய் மூதேவி, அது ரெக்கார்டிங்டா. ஹாஜியாருக்கு."

ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் டேப் எங்கே நிற்கிறது என்று நினைவு வந்தது. அதற்கு மேல் தொட எனக்குத் துணிவில்லை. மிச்சமிருந்த ஒன்றரைப் பாட்டும் கைதட்டலும் அந்த மெதுவான பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்தன.

பாட்டெல்லாம் முடிந்ததும் சேவியர் அண்ணன் தனலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நேத்து அந்த மெட்ராஸ் பாடகருகூட தோள்ல கை போட்டு போட்டோ எடுத்தீங்களாமே."

"ஆமாம்மா."

"அவரோட டேப்ப போய் நிப்பாட்டத் தோணல. என்னோடத மட்டும் தோணுச்சா?"

பதில் எனக்குத் தெரியும். மெட்ராஸ்காரர் நன்றாகப் பாடினால் அவர் பாடகர். காப்பார்ப் பெண் நன்றாகப் பாடினால் அது டேப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலையில ஹாஜியார் ஸ்டாலுக்கு நீங்களும் வாங்க" என்றாள். "பாட்டு அழிஞ்சிருச்சுன்னு நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க அழிச்சீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

4. ஞாயிற்றுக்கிழமை: ஹெட்ஃபோன்

ஹாஜியாருடைய ஸ்டால் கலைஞர் சந்திப்பு மேசைக்கு எதிரில். மேசை காலியாக இருந்தது. மெட்ராஸ் விருந்தினருக்குத் தொண்டை சரியில்லை என்று அறிவித்தார்கள். அதையும் ஒருவரும் நம்பவில்லை.

ஹாஜியார் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பாடியவளின் முகம் தெரியக்கூடாதாம். தனலட்சுமி நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

அவர் கையை உயர்த்தினார். "மெதுவான பாட்டு எங்கே?"

"நான் அழிச்சிட்டேன் ஹாஜியார்" என்றேன்.

"ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் நிப்பாட்டினேன்."

சுவரைப் பார்த்தபடியே, "இந்த மாதிரி கதை நான் மஸ்ஜித் இந்தியாவில தினம் பத்து கேக்குறேன்" என்றார்.

தனலட்சுமி கேசட்டின் காலிப் பெட்டியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. அப்போது ஹாஜியார் டேப்பை மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றினார். கேட்டார். மறுபடி சுற்றினார். மூன்றாவது முறை ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பாமலே பின்னால் நீட்ட, நான் மாட்டிக்கொண்டேன்.

"ஆரம்பத்தில ஒருத்தன் கத்துறான். யாரு இது?"

சனங்களின் சத்தத்துக்காக வைத்திருந்த மைக் என் வாய்க்கு ஒரு முழம் தள்ளி இருந்திருக்கிறது. ரெக்கார்டை அமுக்கியதும் நான் பேசியிருக்கிறேன். பேசியது எனக்கே தெரியாது. பின்னால் பாட்டு ஓடுகிறது, முன்னால் என் குரல், கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி:

"ஐயையோ, அந்தப் பொண்ணு நெசமாவே பாடுதுண்ணே! நெசமாவே பாடுது! நான் கெடுத்துட்டேனே!"

"நான்தான் ஹாஜியார்."

அவர் முதன்முறையாகத் திரும்பி உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கைதட்ட ஆள் புடிக்கலாம் வாப்பா. இப்படிப் பதற ஆள் புடிக்க முடியாது. நடிச்சாலும் இவ்வளவு கேவலமா வராது." பிறகு தனலட்சுமியிடம், "புதன்கிழமை ரெக்கார்டிங். வர முடியுமா தங்கச்சி?"

"ஷிஃப்ட் மாத்திட்டு வரேன்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பொன்னம்பலம் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஹாஜியார் ஏன் உம்மை இவ்வளவு கெதியா நம்பினார்? அதில ஏதோ இருக்கு" என்றார்.

மிக்சர் முன்னால் உட்காரும் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சந்தேகப்படுங்கள், தொழிலில் அது வேண்டும். ஆனால் பட்டனைத் தொடுவதற்கு முன் வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், உள்ளேயா, வெளியேயா. சந்தேகம் யார்மேல் வருகிறது, யார்மேல் வரவில்லை என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அது எந்த மேனுவலிலும் இல்லை.

கேசட் வந்தது. மஸ்ஜித் இந்தியாவில் நன்றாகவே போனது. அந்த மெதுவான பாட்டும் அதில் இருக்கிறது. ஆனால் அன்று ஹாலில் பாடியதில் பாதிகூட இல்லை என்கிறார் சேவியர் அண்ணன். அன்று அங்கே இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், மிக்சருக்குப் பின்னால், ஹாலிலேயே நல்ல இடத்தில். ஆனால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பைனாகுலரில் பார்த்த அவள் வாயில், மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் கொஞ்சம் விலகியிருந்தது. அது மட்டும்தான் நினைவிருக்கிறது.