டார்கோம்ப் மேட்டில் என்னைத் தள்ளிய கை

இதை எழுதும்போது என் அக்கா ஹெஸ்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் விடமாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1994, அக்டோபர் 27, வியாழக்கிழமை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து லங்காஷயரில் இருக்கும் எங்கள் வீடு வரை சைக்கிளிலேயே போவதென்று கிளம்பி அன்று நாலாவது நாள். டெவன் பக்கம் சமதளம் என்பதே கிடையாது. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. காலையிலிருந்து பதினோரு மேடு ஏறியாயிற்று. மழைக்கோட்டுக்கு உள்ளே வியர்வை, வெளியே தூறல். முட்டிகள் இரண்டும் யாருடையவோ போலிருந்தன. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

மாலை 4.20. டார்கோம்ப் மேட்டின் அடிவாரம். மேலே மூடுபனி.

"அக்கா, என்னால முடியல. நாளைக்கு ரயில் ஏறிடலாம்."

"ரயிலா? ஊர் பூரா தம்பட்டம் அடிச்சது யாரு, நானா? பேசாம மிதி மேவிஸ். மேட்டுக்கு அந்தப் பக்கம் விடுதி இருக்கு. சூடா சூப் குடுப்பாங்க."

"நீ தள்ளிவிட்டா ஏறுறேன்."

"நாப்பத்தாறு வயசுக் குழந்தை. போ, வரேன்."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மேடு வந்தால் அக்கா பின்னாலேயே மிதித்து வந்து, ஒரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளுவாள்.

கொஞ்சம் ஏறியதுமே கால் நின்றுவிடும் போலிருந்தது. அப்போது முதுகில் கை பதிந்தது. அப்பாடா என்றிருந்தது. சைக்கிள் லேசாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தடுமாறி விழுந்துவிடுவேன்.

பாதி மேட்டில்தான் எனக்கு உறைத்தது. மேடேறினால் அக்காவுக்கு இரைக்கும். இரைக்க இரைக்க யாரையாவது திட்டிக்கொண்டு வருவாள். இப்போது சத்தமே இல்லை. ஈர ரோட்டில் டயர் ஸ்ஸ்ஸ்... என்றது. ஒரே ஒரு சைக்கிளின் சத்தம்.

4.41. உச்சி.

"போதும்க்கா. கையை எடு."

கை விலகவில்லை.

இறக்கம் தொடங்கியது. பிரேக்கைப் பிடித்தேன். கிரீ...ச். வேகம் குறையவில்லை.

"அக்கா, விடு..."

இன்னும் அழுத்தியது.

இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். ரப்பர் தீய்ந்த வாடை வந்தது.

கீழே பாலத்தின் கல்சுவர்.

கை விடவில்லை.

சைக்கிளை விட்டுக் குதித்தேன். வேலிப்புதரில் போய் விழுந்தேன்.

சைக்கிள் சாயவில்லை. ஆளில்லாமல் நேராகப் போனது.

ட...ங்.

அப்புறம் தூறல் மட்டும்.

எழுந்திருக்கத் தெம்பில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லை. 5.05க்கு அக்கா மேலிருந்து தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அடிவாரத்துலயே செயின் அறுந்துபோச்சு. நில்லுன்னு எவ்வளவு கத்துனேன், திரும்பிக்கூடப் பாக்கல நீ." சேற்றிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பனிக்குள்ள மறையுற வரைக்கும் பாத்துட்டு நின்னேன். மேவிஸ்... காலை ஆட்டாமலே எப்படிடி மேடேறுன?"

விடுதிக்கு நடந்தே போனோம். விடுதியை நடத்தும் மிசஸ் ஹன்னஃபோர்ட் சூப்பை வைத்துவிட்டு என் சிராய்ப்புகளைப் பார்த்தார்.

"எங்க விழுந்தீங்க?"

"டார்கோம்ப் இறக்கத்துல. பாலத்துக்கு முன்னாடி குதிச்சுட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரர் குதிக்கல."

பதினோரு வருடம் முன்பு, அதே பாலச்சுவரில். சைக்கிள் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்ததாம்.

"போலீஸ்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து குடுத்தாரு. புது வண்டி. பிரேக் ரப்பர் நாலும் தேஞ்சு இரும்பு தெரிஞ்சுது. இறக்கம் பூரா பிரேக் பிடிச்சிருக்காருன்னு சொன்னாரு. அப்போ ஏன் வண்டி நிக்கலன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா.

"கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு."