வாடகைக்கு வந்த தங்கச்சி

பஸ் வெள்ளவத்தையைத் தாண்டும்போதெல்லாம் கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையை எட்டிப் பார்ப்பேன். கொட்டாஞ்சேனையில் இப்போது எங்கள் பெயரில் ஒப்பந்தம் எழுதி எடுத்த வீடு இருக்கிறது. இருந்து என்ன? இங்கே தண்டவாளத்தில் கோச்சி ஓடும் சத்தம் இல்லை, உப்புக்காற்று இல்லை, அக்காவும் இல்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. வீட்டுக்காரர் ஹாஜியாரிடம் இரண்டாம் மாடி பிளாட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர். அதில் ஓர் அறையை எனக்கும் கணவருக்கும் வாடகைக்கு விட்டார், ஹாஜியாருக்குத் தெரியாமல்தான். வேறு ஆட்களை உள்ளே வைக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதனால் அவர் வரும் நாளில் நான் அக்காவின் தங்கச்சி. குசினியில் தேங்காய் துருவுவேன், தேத்தண்ணி ஊற்றுவேன், இல்லாத சொந்தக்காரர்களின் கதைகளை இருவருமாக வாய் கூசாமல் அளப்போம். அவர் படியிறங்கியதும் வயிறு நோகச் சிரிப்போம். பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் ஒரே கிண்ணத்தில் வரும். அக்கா தங்கச்சிக்கு எதற்கு இரண்டு? அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இனிக்கிறது.

பிறகு ஒருநாள் அக்கா, மகன் கல்யாணம் முடித்து மனைவியோடு வந்து தங்கப்போகிறான், மாத முடிவில் அறையை விடு என்றார். என் முகத்தைப் பார்க்காமல், வெங்காயம் உரித்தபடி சொன்னார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆறு மாத வயிற்றோடு எங்கே போய் வீடு தேடுவேன்? மறுநாளே நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன்.

நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அக்கா என்னை வெளியே தள்ளவோ சாமானைத் தூக்கி ரோட்டில் வைக்கவோ முடியாது என்றார் அவர். போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறாரா என்று அடுத்துக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை நான் அக்காவின் தங்கச்சி என்றேன். சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"வழக்கெண்டு வந்தா அவருக்கு எல்லாம் தெரிய வரும். முதல்ல அக்காவை வீட்டை விட்டு எழுப்புவார். பிறகு உங்களையும்."

எழுப்பட்டும், நல்லாய் வேணும் அவவுக்கு என்று பஸ்ஸில் கறுவிக்கொண்டே வந்தேன்.

அந்தக் கிழமையே ஹாஜியார் வந்தார். சண்டை வேண்டாம் என்று என் கணவர் கட்டிவைத்த பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. எங்கே பயணம் என்று என்னிடம் கேட்டார். அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார். கோப்பை தட்டில் கிடந்து நடுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் என் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"இவருக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலை கிடைச்சிருக்கு. அதுதான் போறம்."

மகன் வரும் கதை ஹாஜியாருக்கு இன்னும் தெரியாது. அவர் முகம் சுருங்கியது.

"வயசான அக்காவ தனிய உட்டுட்டு போறீங்களா தங்கச்சி? கூடப்பொறந்தவங்க செய்ற வேலையா இது?"

அக்கா கோப்பையை நீட்டவும் மறந்து நின்றார். நான்தான் வாங்கி ஹாஜியாரிடம் கொடுத்தேன். பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கோ என்று அவரிடம் சொன்னேன்.