பழம்பொரி வாங்க வைத்த பக்கம்

மழைக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து சேர்வது பழம்பொரி வாசனைதான். கீழே சாயாக்கடை. கொதிக்கிற எண்ணெயில் மாவில் முக்கிய ஏத்தம்பழம் விழும் சத்தம்கூட மாடிக்குக் கேட்கும்...

இன்று மதியமும் அதே வாசனை. பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

போனக்காடு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து பஸ் ஏறி வந்து, திருவனந்தபுரத்தில் இந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். பயிற்சியில் தேறவில்லை என்றால் மறுபடியும் மலைக்குத்தான். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

முதல் வேலை, ஒரு கிளினிக்குக்கான புரோகிராம். நோயாளிகளை வந்த வரிசையில் உள்ளே கூப்பிட வேண்டும். ரிப்போர்ட்டில் மட்டும் பெயர்கள் அகர வரிசையில் வர வேண்டும்.

யாரிடமாவது கேட்கக் கூச்சம். அதனால் அந்த புரோகிராமிங் மொழியை உருவாக்கியவர்கள் நெட்டில் போட்டிருந்த டாக்குமென்டேஷன் பக்கங்களே கதி என்று கிடந்தேன். பட்டியலை வரிசைப்படுத்தினாலும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. உதாரணமும் கொடுத்திருந்தார்கள். நம்பினேன்.

ஓட்டிப் பார்த்தால் பழையதும் சேர்ந்து மாறிவிட்டது! கடைசியில் வந்த ஆபிரகாம் முதல் ஆளாக உள்ளே போகிறார். காலையிலேயே வந்து உட்கார்ந்த வள்ளியம்மாள் வாசலிலேயே இருக்கிறார். நல்லவேளை, இரண்டு பேரும் டெஸ்டிங்குக்காக நானே உண்டாக்கிய ஆட்கள்.

அவ்வளவு பெரிய ஆட்கள் எழுதியது தப்பாக இருக்குமா? தப்பு என்னிடம்தான் என்று அழித்து அழித்து எழுதினேன். வேறு கம்ப்யூட்டரில்கூடப் போட்டுப் பார்த்தேன். இந்த வேலை நமக்கு ஒத்து வராது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் சாந்தி அக்கா. ஆரியசாலை பஜாரில் மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பெண். என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

"எடீ, அந்தப் பேஜா? அது தப்பாக்கும், கேட்டியா. இங்க எல்லாரும் அதுல விழுந்தவங்கதான். போ, போயி பழம்பொரி வாங்கிட்டு வா!"

அதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கமாம். அந்தப் பக்கத்தை நம்பி யார் ஏமாந்தாலும், அவர் மற்ற எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தர வேண்டும். வாங்கிக் கொடுத்தேன். என் பங்கை மட்டும் மேஜையிலேயே வைத்துவிட்டேன். கோபம்.

"தெரிஞ்சும் ஏன் அக்கா யாரும் அவங்ககிட்ட சொல்லல?"

"நம்ம சொன்னா அவங்க கேப்பாங்களா மோளே? சாரமில்ல, விடு."

விட மனசில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே போட்டிருந்தது. பயந்து பயந்து ஒரு வாக்கியத்தை மாற்றினேன், உதாரணத்தைச் சரிசெய்தேன். காரணம் சொல்ல ரெண்டு வரி இங்கிலீஷ்... அதற்குத்தான் ஒரு மதியம் முழுக்கப் போனது.

கொஞ்ச நாள் சத்தமே இல்லை. பிறகு எங்கோ ஒரு நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் பதில். நீங்கள் சொன்னது சரி, நன்றி.

பக்கம் மாறிவிட்டது!

பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வேலை நிரந்தரமானது அப்புறம்தான். ஆனால் இந்த ஊரில், இந்த நாற்காலியில் நானும் உட்காரலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

சாந்தி அக்கா முதுகில் ஒன்று வைத்தார். "கொள்ளாமே, ஜோராச் செஞ்சுட்டியே! ஆனா எங்க பழம்பொரில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி, பாவி!"

இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நான். இன்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தற்செயலாக அதே பக்கத்தைத் திறந்தாள். பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல் அவள் பின்னால் நின்றேன்.

படித்தாள்.

தலையாட்டினாள்.

அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்... அவளுக்கு அங்கே ஒன்றுமே ஆகவில்லை.

நானே கீழே இறங்கிப் போய் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கி வந்தேன்.

"என்ன விசேஷம் சேச்சி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மோளே. சூடா இருக்கு, எடுத்துக்கோ."