பொக்காரி அண்ணை

கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் போய் இக்னேசியஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பொக்காரி அண்ணை என்று கேட்டால் லிஃப்டில் வரும் சின்னப்பிள்ளைகூடப் பதினான்காம் மாடிப் பொத்தானை அமத்திவிடும். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றோட்டம் என்று காதில் விழுந்தால் போதும், மனிதர் பொக்காரி ஸ்வெட் என்கிற ஜப்பான் பானப் போத்தலோடு வந்து கதவைத் தட்டிவிடுவார். வேர்வை என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருக்கிற ஒன்றை எந்த மடையன் குடிப்பான் என்று சனம் சிரித்தது. சிரித்த அதே சனம் பிறகு ஆள் விட்டுக் கேட்டு வாங்கியது. எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதா?

அந்தப் பைத்தியம் அவருக்குச் சவூதியில் பிடித்தது. எண்பதுகளில் ஜுபைலில் வெல்டிங் வேலை. ஆடி மாத வெயிலில் இரும்புக் குழாயைத் தொட்டால் தோல் கழன்றுவிடும். மத்தியானமானால் ஆட்கள் பொத்தென்று விழுவார்கள். விழுந்தவன் வாயில் ஊற்றுவது இந்த ஜப்பான் தகரப் பேணியைத்தான். முதல் மிடறில் உப்பா இனிப்பா என்று விளங்காது. மூன்றாவது மிடறில் கண் தெளியும். ஊசியால் ஏற்றுகிற சேலைனை வாயால் குடிக்கிற மாதிரி என்று சொல்வார்கள். அவரோடு ஒரே அறையில் இருந்த ரஸாக், நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு அதைத்தான் குடிப்பார். பேணி தட்டுப்பாடான நாட்களில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

கனடா வந்த பிறகும் விடவில்லை. மார்க்கம் என்ற பக்கத்து நகரில் ஒரு ஜப்பான் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். ரஸாக்கும் இங்கேதான் குடியேறியிருந்ததால் அவருடைய வான் வண்டியில் மாதம் ஒருமுறை போய் ஒரு பெட்டி ஏற்றிவருவார். அந்தக் கடையின் காசாளர் ஒரு வயதான ஜப்பானிய அம்மா. தங்கள் ஊரில் குளித்துவிட்டு வந்தால் இது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்றால் இது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் தலைமாட்டில் வைப்பது இது என்று அவர் ஒருநாள் சொன்னார். இக்னேசியஸுக்குப் பிடிபடாத சந்தோசம். உலகத்தில் தன்னைப் போல இன்னும் பைத்தியங்கள் இருக்கின்றன என்ற சந்தோசம்தான்.

அவருக்கும் மனைவி பேபிக்கும் ஒரேயொரு மகள், கிளடிஸ். பேபிக்குக் கனடா விசா வந்தபோது கிளடிஸ் கலியாணம் முடித்துக் கிளிநொச்சியில் இருந்தாள். புருஷனை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பிறகு வர நினைத்தபோது வழியில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடியப் போகிற மாதங்களில் அவள் சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்டாள். ஏப்ரல் முடிவில் யாருடையதோ போனில் இரண்டு நிமிடம் கதைத்தாள். "கஞ்சியும் இல்லையம்மா. நல்ல தண்ணியும் இல்லை," என்றாள். அதோடு லைன் அறுந்தது.

அன்றைக்கே பேபி சமையலறையைப் பூட்டாத குறையாக மூடிவிட்டார்.

"பிள்ளை என்னோடை கதைக்கிற வரைக்கும் எனக்குப் பச்சைத்தண்ணி மட்டும்தான். மாதாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"உமக்கு அறுபது வயசு, பேபி."

"பிள்ளைக்குப் பசிக்கேக்கை எனக்கென்ன வயசு?"

விரதத்தோடு வீட்டில் கிடந்தாலாவது பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் சப்வே எடுத்து யூனிவர்சிற்றி அவெனியூவுக்குப் போய், அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் சனத்தோடு நின்று போரை நிறுத்தச் சொல்லிக் கத்துவார். ஐந்தாம் நாள் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது. செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரும்போது சுவரைப் பிடித்தார். ஜுபைலில் விழப்போகிற ஆளை இக்னேசியஸ் எத்தனை தரம் பார்த்திருக்கிறார்! மகளைக் காப்பாற்ற அவரால் முடியாது. பெண்சாதியையாவது விடக்கூடாது என்று முடிவுகட்டினார்.

பேபியின் தண்ணீரில் தெரியாமல் பொக்காரி கலக்கப்போவதாக ரஸாக்கிடம் போய்ச் சொன்னார். ரஸாக் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"அண்ணை, நோன்பு பிடிச்ச ஆளுக்குத் தெரியாமல் வாயிலை ஒண்டும் ஊத்தப்படாது. அது அவவுக்கும் ஆண்டவனுக்கும் இடையிலை உள்ள கதை. நீங்கள் நடுவிலை போய் நிக்காதையுங்கோ."

"செத்துப்போவாளடாப்பா."

"அப்ப கேட்டுக் குடுங்கோ."

கேட்டால் குடிப்பாரா? அடுத்த நாள் காலையில், பேபி முகம் கழுவும் நேரம் பார்த்து, போராட்டத்துக்கு அவர் கொண்டுபோகும் வெள்ளிரும்புத் தண்ணீர்ப் போத்தலில் பழைய கணக்குப்படியே பாதித் தண்ணீரும் பாதிப் பொக்காரியும் கலந்து மூடிவைத்தார். முழுக் கட்டிடத்துக்கும் ருசி தெரிந்த சாமானைத் தன் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியாது என்று நம்பினார். பயந்த மனிதனுக்கு எது கிடைத்தாலும் புத்தியாகத்தான் தெரியும்.

பேபி குடித்தார். மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தார். இரண்டு நாளில் நடையில் ஒரு தெம்பு வந்தது. வெறும் தண்ணீரில் ஒரு மனிசி இப்படி நிற்கிறாவே என்று சனம் வியந்தது. இக்னேசியஸ் பாவமன்னிப்புக்குப் போவதை அந்த வாரம் மட்டும் தள்ளிப்போட்டார்.

மே மாத இரண்டாம் ஞாயிறு, இந்த ஊரில் அன்னையர் தினம். பின்னேரம் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது. குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பெண்கள் முன்னுக்குப் போனார்கள். கார்கள் நின்ற இடத்தில் நின்றன. ஏரிக் காற்று குளிராக அடித்தது. பேபி தார் ரோட்டில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்து, போத்தலை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மறுபடி கத்தத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற இக்னேசியஸ், தான் மட்டும் கலக்காமல் விட்டிருந்தால் இவள் இதில் விழுந்திருப்பாள் என்று நினைத்தார். கொஞ்சம் பெருமையும் பட்டார்.

அடுத்த வாரம் போர் முடிந்தது என்று ரீவியில் சொன்னார்கள். யாரோ எங்கேயோ வெடி கொளுத்திக் கொண்டாடியதைக் காட்டினார்கள். பேபி ரீவியை நிறுத்திவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சில நாட்களில் போன் வந்தது. மருமகன், வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து. பேபி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமி... கிளடிஸ் இல்லை மாமி. திங்கள் விடியப்புறம். பத்தாந் திகதி ஞாயிறு இரவு முழுக்க ஷெல் அடிச்சவங்கள். வயித்திலை காயம். தண்ணி, தண்ணி எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவள். குடுக்க என்னட்டை ஒரு முறடு தண்ணி இல்லை மாமி."

அங்கே திங்கள் விடியற்காலை என்றால் இங்கே அன்னையர் தின ஞாயிறு பின்னேரம். அந்தக் கணக்கை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கனடாவில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேபி அழவில்லை. மாதா சுருவத்தைக் கோபத்தில் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கவுமில்லை. நாற்காலியில் அப்படியே இருந்தார். இக்னேசியஸுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. மாதாவுக்குச் சொன்ன வாக்குத் தவறியதால்தான் பிள்ளை போனாள் என்று இவள் ஒருநாள் கண்டுபிடிப்பாள். அதற்கு முதல் தானே சொல்லிவிட வேண்டும். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாலாவது அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தார்.

"இஞ்சாரும்," என்றார். "உம்மடை விரதத்தை முறிச்சது நான். உம்மடை போத்திலுக்குள்ளை பொக்காரி கலந்தனான். நீர் ஒரு பிழையும் செய்யேல்லை. என்னைத் திட்டும்."

பேபி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை.

"எனக்குத் தெரியுமப்பா. முதல் முறட்டிலையே தெரியும். எத்தினை காய்ச்சலுக்கு இதைத் தந்திருப்பியள்? துப்பியிருக்கலாம். நான் துப்பேல்லை. அடுத்த நாளும் நீங்கள் கலப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"பேபி..."

"அண்டைக்கு ஹைவேயிலை முழுப் போத்திலும் குடிச்சன். என்ரை பிள்ளை தண்ணி கேட்ட நேரம் அது." போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். "தாகமா இருந்தது. நல்லாயிருந்ததப்பா."

இக்னேசியஸ் திட்டு வாங்குவதற்கென்றுதான் வாயைத் திறந்தவர். பேபி தனக்கென்று வைத்துக்கொண்ட பழியில் ஒரு துண்டைக்கூட அவருக்குத் தரவில்லை.