பேனாக் கோட்டுக்கு அடியில்

புற்றுநோய் மருந்து ஏற்றும் வார்டில் உதவியாளருக்கு முக்கியமான வேலை, ஊசி போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அன்று நோயாளிகள் ஏழு, கூட வந்தவர்கள் ஐந்து, நர்ஸ் இரண்டு, டாக்டர் ஒருவர், நான் ஒருவன். மொத்தம் பதினாறு பேர்.

எரிச்சல்

மூன்றாம் படுக்கையில் உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள். அவர் முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். மருந்து நரம்பை விட்டுச் சதைக்குள் கசிந்திருந்தது. நர்ஸ் ஓடிவந்து நிறுத்தினார், ஐஸ் வைத்தோம். இந்த மருந்து கசிந்தால் சதையே அழுகிவிடும். “ஏன் தாயி, எரியலையா?” என்றேன்.

“உப்பளத்துல தெனமுந்தான எரியுது அண்ணாச்சி, இதுவும் அப்படித்தான்னு இருந்துட்டேன்.”

என் கோடு

சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதினேன். பத்தொன்பது வருஷமாக இதுதான் என் வழக்கம். கோட்டைத் தாண்டிச் சிவந்தால் டாக்டரைக் கூப்பிடுவேன்.

இந்தத் தடவை டாக்டர் ஸ்கேன் எடுக்கும் ஜெனிபரை வரச் சொன்னார். அந்தப் பெண் வந்து, பேச்சியம்மாள் கையில் ஸ்கேன் பசையைத் தடவினாள். என் கோடு அழிந்தது. தோலுக்கு அடியில் நீர் கோத்து, என் கோட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை போயிருந்தது திரையில் தெரிந்தது. கூட வந்தவர்கள் ஐந்து பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். என் கோட்டை ஒருவர்கூட அப்படிப் பார்த்ததில்லை. புதுக் கருவிக்குப் பக்கத்தில் நின்று வயிறெரிந்த உங்களுக்கு இது புரியும். பெரிய நர்ஸ் வேறு சிரித்தார்:

“அண்ணாச்சி, ஒங்க பேனா தோலுக்கு உள்ள போகுமா?”

விரல்

பத்தாம் நாள் ஸ்கேனைப் பார்த்துத்தான், அழுகிய சதையை எடுக்கக் கையைக் கிழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஜெனிபர் வருமுன் நான் முந்திக்கொண்டு அமுக்கிப் பார்த்தேன். “கல்லு மாதிரி இருக்கு, கிழிக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஸ்கேனில் நீர் வற்றியிருந்தது. பேச்சியம்மாள் விரலை மடக்க, திரையில் தசைநார் எங்கும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கிழிக்க வேண்டாம் என்றார் டாக்டர். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொன்னது பொய்யாப் போவணும்னு திருச்செந்தூருக்கு நேர்ந்துக்கிட்டேன் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய.”

அவர் கை பிழைத்தது, என் பொறாமையும் அப்படியே பிழைத்தது, அவருக்கு ஏற்ற வேண்டிய மருந்தில் மிச்சம் இரண்டு தடவை.